மலை கடந்து பேசும் மரம்

இந்தியாவின் நிலப்படத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். பிரம்மபுத்திரா ஆற்றின் மேல் விரலை வைத்து, நீரோட்டத்துக்கு எதிராகக் கிழக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே போங்கள். அசாம் சமவெளி முடிகிற இடத்தில் மூன்று பக்கமும் மலைகள் வந்து வளைத்துக்கொள்ளும். அந்த வளைவின் வடகிழக்கு மூலையில், திபாங், லோஹித் என்னும் ஆறுகள் இறங்கி வரும் பள்ளத்தாக்குகளில் வாழ்பவர்கள் மிஷ்மி மக்கள். இடு, திகாரு, மிஜு என்று மூன்று பிரிவினர். தறியில் அவர்கள் நெய்யும் துணியும், பிரம்பிலும் மூங்கிலிலும் அவர்கள் பின்னும் பொருள்களும் பெயர் பெற்றவை.

மரத்தைச் செதுக்கும் கலை இந்த மலைகளில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வளரவில்லை. மேற்கே தவாங் பக்கம் மோன்பா மக்கள் கூத்துக்கு வேண்டிய முகமூடிகளையும், உண்பதற்கான மரக் கிண்ணங்களையும் செய்கிறார்கள். மிஷ்மிகளுக்கு அண்டையில் வாழும் கம்தி மக்களில் புத்த பிக்குகளே கைதேர்ந்த செதுக்குக் கலைஞர்கள். தென்கிழக்கே, பர்மா எல்லையை ஒட்டி வாஞ்சோ, கொன்யாக் மக்கள். அவர்களுக்கும் தெற்கே ஆவோ நாகர்கள். இந்தக் கலைகளையெல்லாம் வெரியர் எல்வின் என்ற அறிஞர் ஊர் ஊராகச் சென்று பார்த்து, 1959-இல் வடகிழக்கு எல்லைப்புறக் கலையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இவற்றுள் எதைப் பற்றி உங்களிடம் பேசலாம் என்று யோசித்தேன். முகமூடி அழகாக இருக்கும். ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொன்று. ஒரு முழு மரத்தையே குடைந்து, இரு முனைகளையும் செதுக்கி, ஊர் நடுவே கிடத்தி வைத்து, பல பேர் ஒன்றாக இடித்து ஒலி எழுப்பும் கருவி அது. கொன்யாக், வாஞ்சோ, ஆவோ ஆகிய மக்களிடம் அது உண்டு. ஆவோ மொழியில் அதற்குச் சுங்கோங் என்று பெயர்.

தமிழில் அதை மரமுரசு என்று அழைப்போம். முரசு என்றால் தோல் போர்த்தியதுதான் நமக்கு நினைவு வரும். இதில் தோலே கிடையாது. அதிர்வது மரம் மட்டுமே. இருந்தாலும் வேறு நல்ல சொல் கிடைக்காததால் இதையே வைத்துக்கொள்வோம்.

எப்படி இருக்கும் இந்த மரமுரசு?

வளர்ந்த ஒரு மனிதனின் இடுப்பளவுக்கு மேல் பருத்த அடிமரம் ஒன்று படுத்துக் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் பல மீட்டர். மேற்புறத்தில் நீளவாக்கில் ஒரு குறுகிய பிளவு. அந்தப் பிளவு வழியாகவே உட்புறம் முழுவதும் குடையப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் மரம் குடையப்படாமல் கெட்டியாக நிற்கும். ஒரு முனையில் தலை, மறு முனையில் வால். தலை பல இடங்களில் மிதுன் என்னும் காட்டுமாட்டு இனத்தின் தலையை ஒத்திருக்கும். பார்ப்பதற்குப் படகு போலவும் தோன்றும். அதனால் இது ஒரு காலத்தில் படகாகவே இருந்து பிறகு முரசாக மாறியதோ என்று ஊகித்தவர்களும் உண்டு. மலை உச்சியில் வாழ்பவர்களுக்குப் படகு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன்!

மரமுரசு இருக்கும் இடம் மொரங் என்னும் பொதுமனை, அல்லது அதன் அருகே தனியாகக் கூரை வேய்ந்த கொட்டகை. மொரங் என்பது ஊர் இளைஞர்கள் இரவில் தங்கும் வீடு. காவல் வீடும் அதுவே, பள்ளிக்கூடமும் அதுவே. பாட்டு, கதை, வேட்டை, கூடை பின்னுதல், மரம் செதுக்குதல் எல்லாவற்றையும் சிறுவர்கள் அங்கேதான் மூத்தவர்களிடம் கற்றார்கள். அதன் தூண்களிலும் உத்தரங்களிலும் புலி, யானை, மலைப்பாம்பு, இருவாச்சிப் பறவை, மிதுன் தலை, மனிதத் தலை ஆகியவை புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும்.

இவை வெறும் அலங்காரம் அல்ல. மிதுன் தலை என்பது செல்வத்தின் குறி. சேர்த்த செல்வத்தைப் பூட்டி வைத்தவனுக்கு அங்கே பெருமை இல்லை. மிதுனை வெட்டி ஊருக்கெல்லாம் விருந்து வைத்தவனுக்கே பெருமை. அப்படி விருந்து வைத்தவன் மட்டுமே அணியக்கூடிய போர்வை உண்டு, அவன் மட்டுமே நடக்கூடிய கவட்டுத் தூண் உண்டு. இருவாச்சியின் இறகு வீரத்துக்கும் அழகுக்கும் அடையாளம். மனிதத் தலை எதற்கு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இம்மக்களிடையே பகை ஊராரின் தலையைக் கொய்து வரும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்காங்கே இருந்தது. தலை கொண்டுவரப்பட்ட நாளில் இந்த முரசுதான் முழங்கியது. அவ்வழக்கம் ஒழிந்துவிட்டது, ஒழிந்தது நல்லதே. ஆனால் முரசின் வேலை அது ஒன்றல்ல. ஊரில் தீப்பற்றினால் ஓர் அடி, இறப்புக்கு ஓர் அடி, பகைவர் வந்தால் ஓர் அடி, திருவிழாவுக்கு வேறோர் அடி. தாளக்கட்டைக் கேட்டவுடனே, தொலைவில் வயலில் நிற்பவனுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

மரம் ஏன் வெடிக்கிறது?

இனி நம் பாடத்துக்கு வருவோம். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள பச்சை மரத்தை வெட்டிக் கிடத்தினால் என்ன ஆகும்? சில மாதங்களில் அது வெடிக்கும். உங்கள் ஊர் மரக்கடையில் கிடக்கும் கட்டைகளின் முனைகளைப் பாருங்கள். மையத்திலிருந்து பட்டையை நோக்கி, சக்கரத்தின் ஆரக்கால் போல வெடிப்புகள் ஓடியிருக்கும். எந்தக் கட்டையும் வட்டமாக, அதாவது ஆண்டு வளையத்தின் வழியே மட்டும் வெடித்துக் கிடப்பது அரிது. ஏன்?

மரம் என்பது நெடுக்காக அடுக்கிக் கட்டிய கோடிக்கணக்கான நுண்குழல்களின் கட்டு. குழல்களின் சுவரில் நீர் ஊறியிருக்கிறது. மரம் காயும்போது முதலில் குழல்களின் உள்ளே நிற்கும் நீர் போகும். அப்போது மரம் சுருங்காது. பிறகு சுவரில் ஊறிய நீர் போகத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கம். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை; சங்கதி இங்கேதான் இருக்கிறது. நீளவாக்கில் சுருக்கம் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு, இல்லை என்றே சொல்லலாம். மையத்திலிருந்து பட்டை நோக்கிய ஆரத் திசையில் ஏறத்தாழ 4 சதவீதம். வளையத்தைச் சுற்றிய திசையில் ஏறத்தாழ 8 சதவீதம். மரத்துக்கு மரம் இந்த எண்கள் மாறும். ஆனால் சுற்றுச் சுருக்கம் ஆரச் சுருக்கத்தைப் போல இரு மடங்கு அளவில் இருப்பது பெரும்பாலான மரங்களுக்குப் பொருந்தும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஆரம் 50 செ.மீ. எனில் சுற்றளவு 314 செ.மீ. முற்றிலும் காய்ந்த பிறகு ஆரம் 4 சதவீதம் குறைந்து 48 செ.மீ. ஆகிறது. அந்த ஆரத்துக்கு உரிய சுற்றளவு 301 செ.மீ.-க்குச் சற்று மேல். ஆனால் வளையத்திலுள்ள மரமோ 8 சதவீதம் சுருங்கி 289 செ.மீ. ஆகிவிட்டது. மீதி 12 செ.மீ.-க்கு எங்கே போவது? துணி போதாத சட்டையை இழுத்துப் பொத்தான் போட்டால் எங்காவது கிழியும் அல்லவா? மரமும் அப்படியே கிழிகிறது. நிழலில், காற்றில் மட்டும் காய்கிற மரத்தில் சுருக்கம் இதில் பாதியளவே இருக்கும். அப்போதும் 6 செ.மீ. பிளவு என்பது சிறிய வெடிப்பல்ல.

மரமுரசைச் செதுக்கியவர்களுக்கு இந்தச் சதவீதக் கணக்கு தெரியாது. ஆனால் அவர்கள் செய்ததைப் பாருங்கள். மையத்தைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். மேலே தாங்களே ஒரு பிளவைப் போட்டுவிட்டார்கள். இப்போது அடிமரம் முழு வட்டம் அல்ல. மேலே திறந்திருக்கும் ஒரு வளைவு. காயும்போது வளைவின் கோணம் 360 பாகையிலிருந்து 0.92-ஐ 0.96-ஆல் வகுத்த விகிதத்தில் குறைந்து 345 பாகை ஆக வேண்டும். ஆகட்டுமே! பிளவு கொஞ்சம் அகலும், அவ்வளவுதான். மரம் எங்கேயும் கிழிய வேண்டிய அவசியம் இல்லை. எங்கே வெடிக்க வேண்டும் என்பதை மரத்துக்கு விட்டுவிடாமல், செதுக்குபவன் தானே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டான். ஒலி வெளியே வருவதற்கென்று போட்ட பிளவு மரத்தின் உயிரையும் காக்கிறது.

குடையப்படாத இரு முனைகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே மையம் அப்படியே இருக்கிறது. குழல்களின் வாய்கள் அங்கேதான் திறந்திருப்பதால் நீரும் அங்கே விரைவாக வெளியேறும். எனவே தலையும் வாலும் செதுக்கிய முனைகளிலேதான் வெடிப்பை எதிர்பார்க்க வேண்டும். பழைய மரச் சிற்பம் எதைப் பார்த்தாலும், உருவத்தின் நடுவே மரத்தின் மையம் ஓடுகிறதா, ஓரமாக விலகியிருக்கிறதா என்று கவனியுங்கள். வெடிப்பின் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வி. காய்ந்த மரத்தை வாங்கிக் குடைந்தால் இந்தத் தொல்லையே இல்லையே? இல்லைதான். ஆனால் மரம் காயக் காயக் கடினமாகிறது. பச்சை மரத்தைவிடக் காய்ந்த மரம் பல வகைகளில் ஏறக்குறைய இரு மடங்கு வலிமை உடையது. கோடரியும் தாவோ என்னும் அகன்ற வெட்டுக்கத்தியும் வாய்ச்சியும் கொண்டு, கையளவே அகலமுள்ள பிளவு வழியாக மீட்டர் மீட்டராக உள்ளே குடைய வேண்டும். அதைப் பச்சையில்தான் செய்ய முடியும். தவிர, ஒரு மீட்டர் பருமனுள்ள முழுக்கட்டை உள்வரை காய்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

மூன்று டன் மரமும் ஒரு பாட்டும்

முரசுக்குரிய பெருமரம் ஊரில் நிற்பதில்லை, காட்டில் நிற்கிறது. நாகர் ஊர்கள் பெரும்பாலும் மலை முகட்டில் அமைந்தவை. ஆகவே மரத்தைக் காட்டிலேயே வெட்டி, அங்கேயே குடைந்து, பிறகு ஊருக்கு இழுத்து வர வேண்டும். ஏன் அங்கேயே குடைய வேண்டும்? 8 மீட்டர் நீளமும் 1 மீட்டர் குறுக்களவும் உள்ள கட்டையின் கன அளவு 6.28 கன மீட்டர். பச்சை மரம் கன மீட்டருக்கு 900 கிலோ என்று வைத்தால் எடை ஐந்தரை டன்னுக்கு மேல். சுவர் 15 செ.மீ. கனம் இருக்கும்படி குடைந்தால் உள் ஆரம் 35 செ.மீ. அதன் வர்க்கத்தை 50-இன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். 0.49 வருகிறது. அதாவது, பாதி மரம் போய்விட்டது! சுமார் 3 டன்தான் மிச்சம்.

அந்த 3 டன்னைச் சமதரையில் இழுக்க உராய்வை வெல்ல வேண்டும். உராய்வுக் கெழு 0.4 என்று கொண்டால் விசை ஏறக்குறைய 11,800 நியூட்டன். ஒருவர் தொடர்ந்து 200 நியூட்டன் விசையோடு இழுப்பார் என்றால் 60 பேர் வேண்டும். நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவு என்றால் எடையின் ஒரு கூறும் எதிர்க்கும். 90 பேருக்கு மேல் வேண்டும். இந்த எண்கள் எல்லாம் நான் மேசையில் உட்கார்ந்து போட்டவை, மலைப் பாதையில் அளந்தவை அல்ல. இருந்தாலும் ஒரு குடும்பமோ ஒரு தெருவோ செய்யக்கூடிய வேலை இது அல்ல, ஊரே இறங்க வேண்டும் என்பது தெளிவு. அப்படித்தான் இறங்குகிறார்கள். காட்டுக் கொடிகளைத் திரித்த வடங்களைப் பிடித்து வரிசையாக நின்று இழுக்கிறார்கள், பாடிக்கொண்டே.

அந்தப் பாட்டை நான் முதலில் உற்சாகத்துக்கானது என்று மட்டுமே நினைத்தேன். பிறகு நிலை உராய்வை நினைத்துக்கொண்டேன். நின்றுகொண்டிருக்கும் பொருளை நகர்த்துவதற்கு வேண்டிய விசை, நகரும் பொருளை நகர்த்திக்கொண்டிருப்பதற்கு வேண்டியதைவிடக் கூடுதல். அந்த எல்லையைத் தாண்டாத இழுப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் வீண். மரம் ஓர் அங்குலமும் அசையாது. 90 பேரும் தனித்தனி நேரத்தில் இழுத்தால் 90 பேரும் வீண். பாட்டின் ஒரு சொல்லில், ஒரே கணத்தில் இழுத்தால் எல்லை தாண்டப்படுகிறது. நம் ஊரில் தேர்வடம் பிடிப்பவர்களும் வலை இழுப்பவர்களும் ஏலேலோ போடுவது இதே காரணத்தால்தான்.

ஒலி பிறக்கும் இடம்

முரசு ஊர் வந்து சேர்ந்துவிட்டது. இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று உலக்கை போன்ற கனத்த கட்டைகளால் பிளவின் விளிம்பை இடிக்கிறார்கள். என்ன அதிர்கிறது?

உங்கள் எஃகு அளவுகோலை மேசை விளிம்பில் வைத்து, பாதியை வெளியே நீட்டி, அழுத்திப் பிடித்துச் சுண்டுங்கள். வெளியே நீட்டிய பகுதி நீளமானால் சுருதி தாழும், குறுகினால் உயரும். மரமுரசின் பிளவை ஒட்டிய இரு உதடுகளும் இப்படித்தான் அதிர்கின்றன. மரத்தின் அடிப்பகுதி மேசை, உதடு அளவுகோல். ஒரே தடிப்புள்ள பட்டையில் அதிர்வெண் தடிப்புக்கு நேர்விகிதத்திலும், நீட்டிய நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். ஆக, உள்ளே இன்னும் ஆழமாகக் குடைந்தால் உதடு மெலிகிறது, நீட்டமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து சுருதியைத் தாழ்த்துகின்றன. செதுக்குபவன் தட்டிக் கேட்டுக் கேட்டு உட்புறத்தைச் சீவுவதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அளவுக்கு மீறிச் சீவினால் உலக்கை அடி தாங்காமல் உதடு உடையும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது!

உதட்டோடு வேலை முடியவில்லை. உள்ளே அடைபட்ட காற்றும் அதிர்கிறது. காலிப் புட்டியின் வாயில் குறுக்காக ஊதினால் எழும் "பூம்" ஒலியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். புட்டியில் பாதி தண்ணீர் ஊற்றி மறுபடியும் ஊதுங்கள், சுருதி உயரும். காற்றின் கன அளவு பெரிதாகவும் வாய் சிறிதாகவும் இருந்தால் ஒலி தாழ்ந்திருக்கும் என்பது விதி. மரமுரசின் குடைவு பெரிது, பிளவு ஒடுக்கம். ஆகவே உள்ளிருக்கும் காற்றும் தாழ்ந்த ஒலிகளுக்கே இசைந்து கொடுக்கும். உதட்டின் அதிர்வும் காற்றின் அதிர்வும் நெருங்கி வந்தால் ஒத்ததிர்வு ஏற்பட்டு ஒலி பருக்கிறது.

தாழ்ந்த ஒலியை ஏன் தேட வேண்டும்? ஒலி காற்றில் போகும்போது அதன் ஆற்றலில் ஒரு பங்கைக் காற்று விழுங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் எல்லா ஒலியையும் சமமாக விழுங்குவதில்லை. 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், விநாடிக்கு 125 அதிர்வுள்ள ஒலி ஒரு கிலோமீட்டர் போனால் இந்த வகையில் இழப்பது சுமார் 7 சதவீதம் மட்டுமே. 4,000 அதிர்வுள்ள கீச்சொலி அதே ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது! ஒலி பரவுவதால் ஏற்படும் தேய்வு இரண்டுக்கும் பொது. அதை நான் சேர்க்கவில்லை. அலைநீளத்தையும் பாருங்கள். விநாடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலியில், 100 அதிர்வுக்கு அலைநீளம் 3.4 மீட்டர். இலையும் கிளையும் அடிமரமும் இந்த அலைக்குச் சிறு தடைகள். அது அவற்றைச் சுற்றி வளைந்து போய்விடும். சில சென்டிமீட்டர் அலைநீளமுள்ள கீச்சொலி காட்டிலேயே சிதறிப்போகும்.

ஊர் முகட்டில் இருப்பதும் இங்கே உதவுகிறது. எதிர் முகடு நேர்க்கோட்டில் 3 கிலோமீட்டர் என்றால் ஒலி 9 விநாடியில் போய்ச் சேரும். ஆள் போக வேண்டுமானால் ஒரு மலையை இறங்கி, ஆற்றைத் தாண்டி, இன்னொரு மலையில் ஏற வேண்டும். அரை நாள் வேலை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து இடித்தால் ஒலிச் செறிவு எத்தனை மடங்கு என்று ஒரு வகுப்பில் கேட்டேன். நானே விடையும் சொன்னேன்: வீச்சு பத்து மடங்கு, செறிவு வீச்சின் வர்க்கம், ஆகவே நூறு மடங்கு. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், 100 அதிர்வு என்றால் ஓர் அதிர்வுக்கு நூறில் ஒரு விநாடிதானே? பத்துப் பேரும் அவ்வளவு துல்லியமாகச் சேர்ந்து அடிக்க முடியுமா?" என்றான். முடியாதுதான். எவ்வளவு பழகிய கைகளானாலும் விநாடியில் நூறில் இரண்டு மூன்று பங்கு முன்பின் ஆகும். அதற்குள் அலை இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிவிடும். எனவே வீச்சுகள் நேராகக் கூடுவதில்லை, ஆற்றல்களே கூடுகின்றன. செறிவு பத்து மடங்கு, நூறு அல்ல. காதுக்கு அது சுமார் இரு மடங்கு உரப்பாகவே தோன்றும். அன்று கரும்பலகையில் எழுதியதை அழித்துவிட்டு, அந்த மாணவனையே வந்து எழுதச் சொன்னேன்.

முரசுகள் இன்று

மரம் காய்ந்து, அதன் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை அதைத் தொடாது. மழை மிகுந்த அந்த மலைகளில் அப்படிக் காப்பது எளிதல்ல. அதனால்தான் முரசுக்கு எப்போதும் தலைமேல் கூரை. அப்படியும் ஒரு நாள் அது உளுத்துப்போகும். உளுத்தால் ஊர் மறுபடி காட்டுக்குப் போகும். புதிய மரம், புதிய வடம், அதே பாட்டு. சென்ற முறை இழுத்தபோது சிறுவனாக இருந்தவன், இம்முறை எங்கே பிளவு போடுவது என்று சொல்லும் இடத்தில் இருப்பான். எழுதி வைத்த நூல் ஒன்றும் இல்லாமல் இந்த அறிவு தலைமுறை தாண்டி வந்தது இந்த வழியில்தான்.

அந்தச் சங்கிலி பல ஊர்களில் அறுந்தது. 1870-களில் ஆவோ நாகர்களிடையே அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரிகள் வந்தார்கள். எழுத்தும் பள்ளியும் கொண்டுவந்த அவர்கள், மொரங்கையும் அதைச் சார்ந்த வழக்கங்களையும் பழைய சமயத்தின் பகுதி என்று கருதி விலக்கச் சொன்னார்கள். அப்பகுதியில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்த மில்ஸ், ஆவோ நாகர்களைப் பற்றி 1926-இல் வெளியிட்ட நூலில் இதைக் குறைகூறி எழுதினார். அதிகாரி குறைகூறினார் என்பதற்காக மிஷனரிகள் மீது முழுப் பழியையும் போட்டுவிடக் கூடாது. தலைகொய்யும் பகை ஓய்ந்தபின் எச்சரிக்கை முரசுக்கு வேலை குறைந்தது. சிறுவர்கள் இரவில் மொரங்குக்குப் பதிலாகப் பகலில் பள்ளிக்குப் போனார்கள். தீப்பற்றினால் சொல்ல இன்று கைப்பேசி இருக்கிறது. கொன்யாக் பகுதியில் மாற்றம் இன்னும் பிந்தி வந்தது. 1936-இலும் 1937-இலும் வாக்சிங் என்ற ஊரில் தங்கியிருந்த வியன்னா நகரத்து மானிடவியலாளர் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப் அங்கே மொரங் வாழ்க்கையை முழு வீச்சில் கண்டு எழுதினார்.

இன்று மரமுரசை எளிதில் பார்க்க விரும்புகிறவர் கோஹிமாவுக்கு அருகே கிசாமா என்ற இடத்துக்குப் போகலாம். நாகாலாந்து அரசு 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, இருவாச்சியின் பெயரால் நடத்தும் விழா இப்போது டிசம்பர் மாதத்தில் அங்கே நடக்கிறது. ஒவ்வோர் இன மக்களுக்கும் ஒரு மொரங். சிலவற்றில் மரமுரசும் உண்டு. பயணிகள் முன்னால் அதை இடித்தும் காட்டுகிறார்கள். அருங்காட்சியகங்களிலும் முரசுகள் கிடக்கின்றன. அங்கே கூரை உறுதியானது, மரம் உளுக்காது. உளுக்காத முரசுக்குப் பதில் புதிய முரசு வேண்டியதில்லை. ஆகவே எங்கே பிளவு போடுவது என்று ஒரு சிறுவனுக்குச் சொல்ல வேண்டிய நாளும் வருவதில்லை. இது எனக்கு உறுத்துகிறது. முரசை எப்படிக் காப்பது என்று நமக்குத் தெரியும். முரசு செய்யத் தெரிந்தவரைக் காப்பது எப்படி என்பது, நான் நடத்தும் எந்தப் பாடத்திலும் இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

புதிதாக வெட்டிய வேப்பங்கிளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைமுட்டியளவு பருமன் போதும். விழுந்த கிளையானாலும் பச்சையாக இருக்க வேண்டும். இரண்டு செ.மீ. தடிப்பில் மூன்று வில்லைகள் அறுத்துக்கொள்ளுங்கள். அறுக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் வில்லையை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் பட்டையிலிருந்து மையம் வரை ரம்பத்தால் ஒரே ஒரு கோடு அறுங்கள். மூன்றாவதில் மையத்தைத் துளையிட்டு அகற்றிவிட்டு, அதே போல ஒரு கோடு அறுங்கள். இதுதான் நம் மரமுரசின் குறுக்குவெட்டு. மூன்றையும் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, வெயில் படாத இடத்தில் காற்றாட வையுங்கள். வாரம் ஒரு முறை எடை போடுங்கள். தொடக்கத்தில் எடை விரைவாகக் குறையும், ஆனால் கோடு பெரிதாக அசையாது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். பிறகு ஒரு கட்டத்தில் ரம்பக்கோடு ஆப்பு வடிவில் விரியத் தொடங்கும்.

எடை மேலும் குறையாமல் நின்றதும் விரிந்த கோணத்தைக் கோணமானியால் அளந்து, 360-இல் அது எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். உங்கள் கிளையின் சுற்றுச் சுருக்கம் ஆரச் சுருக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதை அந்த எண் ஏறத்தாழக் காட்டும். முதல் வில்லையில் வெடிப்பு எந்த இடத்தில், எந்த நாளில் விழுந்தது என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நண்பர் ஒருவர் வாகைக் கிளையில் இதையே செய்யட்டும். இருவருக்கும் ஒரே கோணம் வராது.